மதிப்பு ஒழுகாத பக்கம்

அரியலூரில் பயிர்ச்சேத விண்ணப்ப வழிகாட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. விவசாயிக்கு வழி காட்டுவது அதன் கடமை. அதற்காக ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு லிங்க். அதை அமுக்கினால் விண்ணப்பம் வரும். பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள் வெற்றிச்செல்வி, தற்காலிக கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எல்லாம் ஒழுங்காக நடந்ததால் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அதிகாரி முத்தமிழ்செல்வன் திருச்சிக்குப் போய் இணையப் பக்கம் பற்றி இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்ததும் கூப்பிட்டார்.

"ஏம்மா, இணையத்துல தேடிப் பாத்தா நம்ம பக்கம் ஆறாவதா வருதே. ஒரு பக்கம் இன்னொண்ணுக்கு லிங்க் குடுத்தா, தன் மதிப்புல கொஞ்சம் அதுக்குப் போவுது. சரிதானே?"

"ஆமாங்க சார். நாலு பேரு நம்ம பக்கத்தக் கைகாட்டுனா நாம மேல வருவோம்."

"நம்மகிட்டேருந்து வெளிய போற லிங்க் எத்தன?"

"ஒண்ணுதான் சார். விண்ணப்பம். அது வேற துறையோட பக்கத்துல இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. "வேற துறைக்கா? எத்தன வருசமா?"

"மூணு வருசமா."

"மூணு வருசமா அரசாங்க மதிப்பு ஒழுகிட்டிருக்கு. ஒருத்தர் கேக்கல."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'மேற்படி பக்கத்தின் மதிப்பு பிற பக்கங்களுக்கு வெளியேறுவதைத் தடுக்கும் பொருட்டு, அதிலுள்ள அனைத்து லிங்க்குகளும் உடனடியாக நீக்கப்பட வேண்டும்.' இருந்த ஒன்றை அவள் நீக்கினாள். அந்த இடத்தில் 'விண்ணப்பம் உரிய இடத்தில் கிடைக்கும்' என்று எழுதச் சொன்னார்.

"விண்ணப்பம் தேடி வர்றவங்க என்னங்க சார் பண்ணுவாங்க?"

"வரட்டும். வந்தவன் வெளிய போவ முடியாம இருக்கணும். அதாம்மா நல்ல பக்கம்."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தா.பழூர்ப் பக்கம் அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. பத்து நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே விவசாயிகள் சங்கத்தின் இணையப் பக்கத்தை நடத்திவந்த அய்யாக்கண்ணு, சேற்றுக்காலோடு ஆபீசுக்கு வந்தார்.

"உரிய எடம்னா எது பாப்பா?"

வெற்றிச்செல்விக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சீட்டில் முகவரியை எழுதி நீட்டினாள். நடுவில் முத்தமிழ்செல்வனின் கை வந்து சீட்டை வாங்கிக்கொண்டது.

"கையால எழுதுனாலும் லிங்க் லிங்க்தாம்மா."

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அவளே ஒரு பக்கம் செய்தாள். விண்ணப்பம், என்னென்ன ஆவணம் வேண்டும், கடைசி நாள் எது, எல்லாம் அதில் இருந்தது. அய்யாக்கண்ணுக்குப் போன் போட்டு முகவரியைச் சொன்னாள். வாயால் சொல்வது லிங்க்கில் சேருமா என்று சுற்றறிக்கையில் இல்லை.

ஊர் கொதித்தது. 'இந்தக் கொடுமையைப் பாருங்கள்' என்று ஒரு செய்தித் தளம் ஆபீஸ் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தது. ஆண்டிமடத்து முந்திரி விவசாயிகள் கொடுத்தார்கள். பெரம்பலூரில் ஒரு பேராசிரியர் தன் வலைப்பூவில் 'நிர்வாகத்தின் மௌனம்' என்று ஆறு பாகம் எழுதி, ஆறிலும் கொடுத்தார். தேடுகிற இயந்திரத்துக்குத் திட்டும் தெரியாது, பாராட்டும் தெரியாது. எத்தனை கை நீண்டது என்றுதான் அது எண்ணியது. ஒன்பதாம் நாள் ஆபீஸ் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. பத்தாம் நாள் கெடு முடிந்தது. விண்ணப்பம் தேடியவர்களில் பாதிப்பேர் முதலிடத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள்.

முத்தமிழ்செல்வனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் மற்ற அலுவலகங்கள் தங்கள் லிங்க்குகளைத் தேடித் தேடி நீக்கின.

அய்யாக்கண்ணு மறுபடி வந்தார். "ஒம் பக்கத்தப் பாத்துதான் பாப்பா நான் விண்ணப்பம் போட்டேன். தெளிவா இருந்துச்சு. எந்தெருவுல நான் ஒருத்தன்தான் போட்டிருக்கேன்."

"சங்கத்துப் பக்கத்துல அதுக்கு ஒரு லிங்க் குடுத்திருந்தா எல்லாரும் பாத்திருப்பாங்களே அய்யா. ஆபீஸ் பக்கத்துக்கு மட்டும் பதினாலு தடவ குடுத்திருக்கீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"குடுக்கலாம்னுதான் நெனச்சேன் பாப்பா. ஒம் பக்கத்துல திட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லியே. என்னன்னு எழுதிக் குடுக்கறது?"