கேட்டுக்கு எதிரே ஒரு பன்றி

எல்விடியோவின் கடலைக்காட்டில், சரியாக வீட்டு கேட்டுக்கு எதிரே, பன்றி நின்றது.

நாலு கால் பன்றி இல்லை. களைமருந்து படாமல் விட்டுப்போய்க் களை மண்டி நிற்கும் நிலப்பட்டையைக் கோர்தொபா பக்கம் நாங்கள் பன்றி என்போம். காட்டின் நடுவில் விழுந்திருந்தால் யார் கண்டார்கள்? இது ரோட்டோரம். மற்ற இடமெல்லாம் கடலைச்செடி பச்சைப் பாயாகப் படர்ந்திருக்க, இந்த ஒரு பட்டையில் மட்டும் செங்கீரை இடுப்புயரத்துக்கு எழும்பி ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன தொன் எல்விடியோ, பன்றி நல்லாக் கொழுத்திருக்கே! எப்ப வெட்டறீங்க?" மரியாதைக்கு ஒரு 'தொன்' போட்டு, லாரியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்கள், வேலையற்றவர்கள்.

ஊர் கேலியை அவர் பொறுத்துக்கொள்வார். இர்மாவுக்குத்தான் பயந்தார். அவர் மனைவி இர்மா ரியோ குவார்த்தோ ஆஸ்பத்திரியில் இருந்தாள். போகிற அன்று வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "இதோ பாரு கிழவா, நான் திரும்பி வந்து கேட்டுல நின்னு பாப்பேன். ஒரு களை கண்ணுல பட்டாலும் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிடுவேன், ஆமா!"

அவள் சொன்னால் செய்கிறவள். ஆகவே எல்விடியோவுக்குக் கணக்கு நேராக இருந்தது. களை போனால் இர்மா வருவாள்.

நெல்சோவுக்குப் போன் போட்டார். சுற்றுவட்டாரம் முழுக்க மருந்தடிக்கிற நெல்சோ. அவன் எந்திரம் போன காட்டில் இதுவரை பன்றி விழுந்ததே கிடையாது.

"மருந்து பீச்சற நாசில் அடைச்சிருக்கும், தொன் எல்விடியோ."

"அடைச்சா பாக்க மாட்டியா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"தப்புதான்."

"வந்து திரும்ப அடிச்சுக் குடு!"

"இனி மருந்து கேக்காதுங்க. கீரை முத்திடுச்சு. கையாலதான் பிடுங்கணும்."

கையாலா! எல்விடியோவுக்கு மானம் போயிற்று. முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, மருந்தை ரெண்டு மடங்காகக் கலந்து தானே அடித்தார். மறுநாள் செங்கீரை தலை தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "செத்துடுச்சு கிழவி!" என்று கத்தினார்.

அந்த வாரமே அது கழுத்தைக் கோணிக்கொண்டு மறுபடி எழுந்துவிட்டது. செத்தது பக்கத்துக் கடலைதான்.

அடுத்து கயிறு வைத்தியம். கயிற்றைக் களைக்கொல்லியில் ஊறவைத்து, டிராக்டர் முன்னால் குறுக்குக் கம்பியில் கட்டி ஓட்டினால், கடலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் களையை மட்டும் தடவிப்போகும். நல்ல யோசனைதான். ஆனால் மனுஷன் கயிற்றைப் பிழியாமல் கட்டினார். அது போகிற வழியெல்லாம் சொட்டியது. திரும்புவதற்காக டிராக்டரை கேட்டோரம் நிறுத்தி மாத்தே டீ ஊற்றிக் குடித்தார். அங்கேயும் நிம்மதியாகச் சொட்டியது.

அங்கே இருந்தது இர்மாவின் ரோஜாச்செடி. பத்து நாளில் அது கருகிப்போயிற்று; செங்கீரை மட்டும் அசரவில்லை.

எல்விடியோ டவுனுக்கு ஓடி பிளாஸ்டிக் ரோஜா வாங்கிவந்து, காய்ந்த குச்சியில் கம்பியால் கட்டினார். அடுத்த வெயிலில் பிளாஸ்டிக்கும் வெளுத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். இர்மா பாதியாகியிருந்தாள்.

"எதுக்கு வந்தே? களை போச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

"அப்ப இங்க என்ன வேலை?"

"உன்னப் பாக்க வந்தேன் கிழவி. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே."

"உக்காருவே, உக்காருவே! குதிரை சீக்கா கிடந்தப்ப உக்காந்த மாதிரியா? சாப்பாடு தண்ணி இல்லாம, அதுக்கு முன்னாடி நீ போயிடுவே போலிருந்துச்சே! வேலி போடுன்னு நான் தள்ளிவிட்டப்புறம்தானே எழுந்தே? போ, போய்ப் பிடுங்கு."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையெல்லாம் மருந்து பட்டுத் தோலுரிந்திருந்தது. அதைக் கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிறகு, "கிளம்பு, கிளம்பு. வெயில் ஏறுறதுக்குள்ள போ" என்றாள்.

வேறு வழியில்லை. எல்விடியோ மண்டியிட்டார். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். செங்கீரை சும்மா வருமா? வேரோடு கடலையையும் இழுத்துக்கொண்டு வந்தது. கடலையைத் திரும்ப மண்ணில் ஊன்றி, தண்ணீர் ஊற்றி, "பொழைச்சுக்கோ, பொழைச்சுக்கோ" என்று அதனிடம் கெஞ்சினார். இடுப்பு நிமிரவில்லை. முகம் தோலுரிந்தது. ராத்திரி படுத்தால் அடித்துப்போட்டாற்போலத் தூக்கம். எதையும் நினைக்க நேரமில்லை. இர்மா போனில் வேறொன்றும் பேசவில்லை, ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கேட்டு வரைக்கும் வந்துட்டேன் கிழவி."

"அவசரப்படாத. வேரோட எடு."

மார்ச் கடைசியில் கடைசிச் செடியையும் பிடுங்கினார். கேட்டில் நின்று, அவள் பார்க்கிற மாதிரியே இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். ஒரு களை இல்லை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளைக் கூட்டிவர வண்டிச் சாவியை எடுத்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினாள். எல்விடியோ அந்தச் சட்டையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துக்கத்துக்கு ஊரே வந்தது. நெல்சோவும் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசியில் நின்றான். அந்தப் பன்றிக்குப் பிறகு அவனை யாரும் அதிகம் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கடையில் சீட்டு விளையாட உட்கார்ந்தாலும் உறுமிக் காட்டிச் சிரித்தார்கள். அது நெல்சோ விட்ட பன்றி என்று எல்விடியோதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அவனைக் கண்டதும் எல்விடியோவுக்குப் பொங்கிவிட்டது. சவப்பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தார்.

"உன்னாலதான்டா! அவ கடைசி நாளெல்லாம் பக்கத்துல இருக்க வேண்டியவன், குனிஞ்சு களை பிடுங்கிட்டுக் கிடந்தேன். ஒரு நாசிலைப் பாக்கத் துப்பில்லாத நீயெல்லாம் ஒரு மருந்துக்காரனா?"

நெல்சோ பிடியை விலக்கவில்லை. பெட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"நாசில் அடைக்கலீங்க, தொன் எல்விடியோ. விதைச்ச மறுநாள், நீங்க டவுனுக்குப் போயிருந்தப்ப, இர்மாம்மாதான் வந்து எந்திரத்தை நிறுத்தினாங்க. 'நான் போறதை அவரு உக்காந்து பாக்கக் கூடாது நெல்சோ. நான் போற வரைக்கும் குனிஞ்சே இருக்கற மாதிரி, கேட்டுக்கு நேரா நல்லதா ஒரு பன்றி விட்டுட்டுப் போ'ன்னாங்க."