மழையைத் தரம் பிரித்தவர்

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்ததும் எங்கள் கடிகாரமும் ஜப்பான் நேரத்துக்கு மாறியிருந்தது; அந்தக் கணக்கில் காலை எட்டு மணி. மலையில் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மழை ஒழுகும் எங்கள் கூரை விளிம்புக்குக் கீழே அண்ணாந்து வாயைப் பிளந்து நின்ற ஒரு மனிதர்.

உலகத்தில் மழையை நாக்கால் தரம் பிரித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். பெயர் உறிஞ்சி அண்ணன். எங்கள் தேயிலை ஃபேக்டரியில் தேநீரை உறிஞ்சிச் சுவை பார்ப்பது அவர் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், ஃபேக்டரி மூடியது. நாக்கு மட்டும் சும்மா இருக்கவில்லை.

எண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்பும் நின்றது. பள்ளத்து ஓடைக்குத்தான் போக வேண்டும். ஓடைக்கரையில் சிப்பாய்களின் கூடாரம். பெண்கள் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். என் மனைவி புஷ்பத்துக்கு நிறைமாதம். நானோ பகலெல்லாம் ஜப்பான்காரனுக்கு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன்.

உறிஞ்சி அண்ணன்தான் மூங்கிலைப் பிளந்து ஒவ்வொரு வீட்டுக் கூரை விளிம்பிலும் கட்டினார். கீழே பீப்பாய். மழை தொடங்கியதும் பிடிக்க விடமாட்டார். "இருங்கலா, கூரை மொதல்ல மூஞ்சி கழுவட்டும்!" என்று கத்துவார்.

பிறகு பீப்பாய் பீப்பாயாகச் சோதனை. சர்ரென்று உறிஞ்சுவார், வாய்க்குள் உருட்டுவார், துப்புவார், தீர்ப்புச் சொல்வார்.

"மூணாம் வீடு டஸ்ட்டு!" தேயிலைத் தூளில் கடைசித் தரத்துக்கு அதுதான் பெயர்.

மூன்றாம் வீட்டு முனியம்மா விளக்குமாற்றோடு வருவாள். "என் கூரைய டஸ்ட்டுன்னு சொல்ல நீ யாருய்யா?"

"பூன படுத்த வாடை அடிக்குது."

"பூன போன தீவாளிக்கே செத்துப்போச்சு!"

"வாடை சாகலையே!"

ஒருநாள் பெருமழையில் ஓடை கலங்கிச் சேறாக ஓடியது. ஜப்பான் அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஏறி வந்தான். பீப்பாய்களைக் காட்டினான், கீழே கூடாரத்தைக் காட்டினான். எல்லாம் போகப்போகிறது என்று புரிந்தது. புஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷம் இருக்குமோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். நீ முதலில் குடி என்று உறிஞ்சி அண்ணனுக்குச் சைகை காட்டினான். வேலை போன நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் உத்தியோக மரியாதை! நெஞ்சை நிமிர்த்தி உறிஞ்சினார். கண்ணை மூடி உருட்டினார். ஃபேக்டரியில் எவ்வளவு நல்ல தேநீரானாலும் விழுங்காமல் துப்புவதுதான் முறை. துப்பினார். அது அதிகாரியின் பூட்ஸ் மேல் விழுந்தது.

பளாரென்று ஓர் அறை. அதிகாரி பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். வாயில் வைக்க முடியாத தண்ணீர் என்று முடிவு செய்து, சிப்பாய்களோடு இறங்கிப் போனான்.

லயமே மூச்சுவிட்டது. உறிஞ்சி அண்ணன் மட்டும் வீங்கிய கன்னத்தோடு துடித்தார். "அறைஞ்சது பரவால்ல தம்பி. ஃபர்ஸ்ட் கிரேடு தண்ணிய கெட்டதுன்னு நெனச்சிட்டுப் போறானே! கூப்பிடுலா அவன, நான் எடுத்துச் சொல்றேன்!"

பின்னால் ஓடப் பார்த்தவரின் இடுப்பை நான் பிடித்தேன், காலை முனியம்மா பிடித்தாள். "நீ செத்துட்டா என் கூரைய யாருய்யா டஸ்ட்டுன்னு சொல்றது? உக்காரு!"

அந்த வாரமே புஷ்பம் பெண் குழந்தை பெற்றாள். மழை விட்டிருந்த நேரம். எங்கள் பீப்பாயில் அடித்தண்ணீர்தான் இருந்தது. உறிஞ்சி அண்ணன் தம் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் குடம் குடமாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

அன்று அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.