கேழ்வரகு வேரில் எட்டு உட்கரு

பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, செபாஸ்டினின் கேழ்வரகு வேர்ச் செல்லில் இருந்த ஒரே உட்கரு இரண்டாகிவிட்டது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தவருக்குப் பகீரென்றது.

தர்மபுரியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர் அவர். சாயமேற்றிய செல்லை நீல ஒளியில் ஒளிரவைத்து, மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் படமெடுப்பார். அந்த ஒளியில் சாயம் என்ன, மஞ்சள் தூள்கூடப் பளிச்சென்று மின்னும். ஒவ்வோர் அடுக்கிலும் மேல், கீழ் அடுக்குகளின் வெளிச்சம் கசிந்து படம் கலங்கிக் கிடக்கும். அதைக் கணக்குப் போட்டுத் தெளியவைப்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகக் கண்ணுக்கே தெரியாத ஒளிரும் மணி ஒன்றை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைத்திருந்தார். அந்தப் பொடி மணியை லென்ஸ் எவ்வளவு கலங்கலாகக் காட்டுகிறதோ, அவ்வளவு கலங்கலையும் செல்லின் படத்திலிருந்து கம்ப்யூட்டர் நீக்கிவிடும். மணிதான் அளவுகோல்.

மறுநாள் சென்னையிலிருந்து ஆராய்ச்சி வழிகாட்டி பச்சியப்பன் வருகிறார். படம் தெளியாவிட்டால் டாக்டர் பட்டம் இல்லை. வேலையும் நிரந்தரமாகாது.

கணக்கு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு சுற்று ஓட்டினார். இரண்டு நான்கானது.

காலையில் எடுத்த மணியின் படம் சரியில்லையோ என்று அதையே மறுபடி நிதானமாக எடுத்தார். மணி முன்னைவிடச் சற்றுப் பூசினாற்போல, பளிச்சென்று இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அந்த அளவை வைத்து ஓட்டினார். எட்டு. பக்கத்திலுள்ள இண்டூர் வயலிலிருந்து புது நாற்று பிடுங்கி வந்து அதன் வேரையும் பார்த்தார். அதிலும் எட்டு, கும்மியடிப்பதுபோல வட்டம் கட்டி நின்றன.

செபாஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டார். பயம் மெல்ல மெல்லப் பெருமையாக மாறியது. எந்த வேரை வைத்தாலும் எட்டு என்றால், இது வேறென்ன, கண்டுபிடிப்புத்தான்.

மறுநாள் காலையில் வந்த பச்சியப்பன் திரையில் எட்டையும் விரல் வைத்து எண்ணினார். ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு முதல்வர் அறைக்கு ஓடி, போன் போட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் தனக்கு ஆகாத பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். கேழ்வரகைப் பற்றி இதுவரை எழுதிய புத்தகமெல்லாம் தப்பு என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

மூச்சு வாங்கியபடி அந்தக் கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அளவு மணி அதேதானேய்யா? வேற யாரும் தொடலையே?"

"யாரும் தொடலைங்க சார்."

டீ டம்ளர்களை மேசையில் வைத்த ஆய்வக உதவியாள் பாஞ்சாலி தயங்கி நின்றாள்.

"நான் தொட்டனுங்க சார். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் மஞ்சப் பொட்டு வெச்சுட்டு, அந்தக் கண்ணாடிய மட்டும் மூளியா வுட மனசு வரலீங்க. அப்புறம் நம்ம சார் வேதக்காரராச்சே, கோவிச்சுக்குவாருன்னு அழுந்தத் தொடச்சு வெச்சுட்டனுங்க."