மாப்பிள்ளை வைத்த மெஷினும் ஒன்பது மொட்டையும்

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு மாமா சக்கரபாணி எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அத்தை சுகம், மலை சுகம், நான் சுகமா என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளவும். போனில் சொன்னால் ஆர்த்தி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் அத்தை படித்துவிடுகிறாள். ஏழு மாசமாக இருக்கிற மகளுக்கும், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவளுக்கும் தெரியக்கூடாத விஷயம் என்பதால் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, எனக்கு வேலை போய் நாற்பது நாளாகிறது. எப்படிப் போனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலை தீபாவளிக்கு வந்தபோது மோதிரத்தைத் தட்டில் வைத்து நீட்டினேன். "மோதிரம்லாம் வேணாம் மாமா, உங்க லாட்ஜ் முதலாளிகிட்ட அரை மணி நேரம் பேசறதுக்கு ஏற்பாடு பண்ணுங்க, போதும்"னு நீங்கள் சொன்னீர்கள். இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் முதலாளிக்கு உங்கள் கம்பெனி மெஷினை விற்றுவிட்டீர்கள். வருகிறவர் முகத்தைக் காட்டினால் பதிவு செய்துகொள்ளும், அறைக் கதவும் முகத்தைப் பார்த்தே திறக்கும், ரிசப்ஷனில் ஆள் வேண்டாம் என்றீர்கள். ரிசப்ஷனில் இருந்த ஆள் நான்தான் என்பது அப்போது எனக்கே தோன்றவில்லை. உங்களுக்கும் முதலாளிக்கும் காபி கொண்டுவந்து கொடுத்ததே நான்தானே.

மெஷின் வந்து இறங்கிய அன்று அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்ததும் நான்தான். நெற்றி என்று நினைத்து வைத்த இடம் அதன் கண்ணாம், ஒரு நாள் முழுக்க அதற்குப் பார்வை தெரியவில்லை. பிறகு உங்கள் ஆபீஸ் பையன்கள் இரண்டு வாரம் என் எதிரில் உட்கார்ந்து, "வர்றவங்க என்னென்ன கேப்பாங்க சார்?"னு கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு, பௌர்ணமி எப்போது பிறக்கிறது, கால் கொப்பளித்தால் என்ன தடவ வேண்டும், குழந்தையோடு வருகிறவர்களுக்கு எந்த அறை என்று இருபத்திரண்டு வருஷத்து விஷயத்தையும் காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக் காரியம் இல்லையா? எல்லாம் சொல்லி முடித்த மறுநாள் முதலாளி கூப்பிட்டு, "ரொம்ப நாளா ஓடிட்டீங்க சக்கரபாணி, இனிமே ரெஸ்ட் எடுங்க"ன்னார். அறை பெருக்கும் யமுனாவையும் இன்னும் நாலு பேரையும் அதே வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அன்புச்செல்வி, ஆறு பேர் குடிக்கிற டீ ஒரேயடியாக நின்றுபோனதால் இப்போது பாலைக் கம்மியாக வாங்குகிறாள். மெஷின் டீ குடிப்பதில்லை, மாப்பிள்ளை.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையால் வேலை போனது என்றால் உங்கள் அத்தை உங்களையும் விடமாட்டாள், என்னையும் விடமாட்டாள். ஆகவே தினமும் எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் பக்கத்து லாட்ஜுக்குப் போய்விடுகிறேன். அங்கே ரிசப்ஷனில் சக்திவேல் இருக்கிறார். எங்களிடம் அறை இல்லாவிட்டால் அவரிடம் அனுப்புவேன், அவரிடம் இல்லாவிட்டால் என்னிடம் அனுப்புவார், இருபது வருஷமாக அப்படித்தான். முதல் நாள் டப்பாவைப் பார்த்ததும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தன்னுடைய சர்க்கரை இல்லாத டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தருகிறார். இந்தக் கடிதத்தையும் அவர் மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன். இந்த வயதில் இப்படி ஒளிந்துகொண்டு சாப்பிடுவது வெட்கமாக இருக்கிறது.

போன பௌர்ணமிக்கு நடந்ததைக் கேளுங்கள். செஞ்சிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. ஆண், பெண், குழந்தை என்று ஒன்பது பேர். மெஷினிடம் முகத்தைக் காட்டி அறை எடுத்துக்கொண்டு, வேண்டுதலை முடிக்கப் போனார்கள். பதினோரு மணிக்கு ஒன்பது பேரும் மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனமும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து நின்றார்கள். "உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றது மெஷின், பெண் குரலில். பெரியவர் கையைக் கூப்பி, "நான்தாம்மா காலைல வந்தேன். முடிய சாமிக்குக் குடுத்துட்டேன், மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்குது"ன்னார். "முகத்தை நேராகக் காட்டவும்" என்றது அது. அரை மணி நேரம் காட்டினார்கள். கடைசியில் பெரியவரை வேறு யாரோ என்று நினைத்து ஒரு கதவைத் திறந்துவிட்டது. உள்ளே ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். அவரும் மொட்டை.

முதலாளி எனக்குப் போன் செய்தார். பக்கத்து லாட்ஜிலிருந்து செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். காலையில் அவர்கள் வேனிலிருந்து இறங்கியபோதே சக்திவேல் பக்கத்தில் உட்கார்ந்தபடி பார்த்திருந்தேனே! கால் தாங்கி நடப்பவர் பெரியவர், மஞ்சள் பை வைத்திருந்தது மருமகள், அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடிப்பது சின்னது என்று ஒன்பது பேரையும் சொல்லி, பழைய சாவிக்கொத்தை எடுத்துத் திறந்துவிட்டேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும்தான். சரி, நாளைக்கே வரச் சொல்லிவிடுவார் என்று முதலாளி முகத்தைப் பார்த்தேன். "இத்தனையும் தெரிஞ்சி வெச்சிக்கிட்டு மெஷின்கிட்ட ஏன் சொல்லாம உட்டீங்க?"ன்னு கேட்டார். இரண்டு நாளில் உங்கள் ஆபீஸ் பையன் வந்து, "மொட்டை அடிச்சவங்கள எப்படி சார் கண்டுபிடிக்கறீங்க?"ன்னான். நடையைப் பார், பையைப் பார், பல்லைப் பார் என்று அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவனுக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இனி என்னிடம் மிச்சம் ஒன்றுமில்லை, மாப்பிள்ளை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று முதலாளிக்கு உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் போடச் சொல்லவும். நாற்காலிகூட வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும்.

அருணாசலேஸ்வரர் அருளால் உங்களுக்கும் ஆர்த்திக்கும் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா சக்கரபாணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ஆர்த்தி போன் செய்து அழுதாள். இந்த மாதத்துக்குள் இந்த ஊரில் இன்னும் ஒரு மெஷினாவது நீங்கள் வைக்காவிட்டால் உங்களையும் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிடுவார்களாம், உங்கள் வேலையைப் பார்க்கவும் ஏதோ ஒன்று வந்துவிட்டதாம். ஆகவே மேலே எழுதியதை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். சக்திவேலின் முதலாளி இப்போது இங்கேதான் இருந்தார். எங்கள் லாட்ஜில் மெஷின் மிக நன்றாக வேலை செய்கிறது, மொட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிறது என்று சொன்னேன். திங்கட்கிழமை உங்களை வரச் சொல்லியிருக்கிறார், அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அப்போது சக்திவேல் இல்லை, எனக்கு டீ வாங்கப் போயிருந்தார். திங்கள் முதல் டப்பாவோடு எங்கே போய் உட்காருவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பையன்கள் எது கேட்டாலும் சக்திவேல் ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பார், நல்ல மனுஷன். அவருக்கு மட்டும் காபியை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை வேண்டாம்.