சுவருக்கு அந்தப் பக்கம் போன பாட்டு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், நீங்கள் அனுப்பிய மைக் உட்பட. தங்கையும் குழந்தைகளும் நலமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நேரே சண்டைக்கு வருகிறேன்.

நான் பாடுகிற பிரார்த்தனைக் கூடத்துக்குப் பாட்டுக் கேட்க ஆள் வருவதில்லை என்று போனில் புலம்பினேன் அல்லவா, ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னால் போதாதா, வயரில்லாத மைக்கை எதற்கு வாங்கி அனுப்பினீர்கள்? கூடத் தலைவரோ, "இந்த வாரமும் கூட்டம் வரலேன்னா ரெக்கார்டு போட்டுடலாம், நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மைக்கைத்தான் மலைபோல் நம்பினேன்.

எங்கள் கூடத்தில் முன்பாட்டுக்காரன் கண்ணை மூடினால் பாட்டு முடிகிறவரை திறக்கக் கூடாது, அதுதான் முறை. நானும் மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுகிறேன், ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, சரி, மைக்குக்கு என் குரல் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கத்துகிறேன். தாளக்காரர் என் தொடையில் கிள்ளினார். வேகம் பத்தவில்லை என்கிறாராக்கும் என்று வேகத்தைக் கூட்டினேன். மைக் எங்கள் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிடத்து ஜிம் ஸ்பீக்கரோடு ப்ளூடூத்தில் ஒட்டிக்கொண்ட விஷயம் எனக்கு எப்படித் தெரியும்?

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால், வாசலில் ஜிம் மாஸ்டர், பின்னால் அரைக்கால் சட்டையும் வியர்வையுமாக ஒரு படை. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க, உங்க பாட்டுக்குத்தான் எடை தூக்கிட்டிருந்தோம், இன்னும் ரெண்டு செட் பாக்கி இருக்கு" என்கிறார் மாஸ்டர்.

"இந்த டிரஸ்ல உள்ள வரக்கூடாது" என்று தலைவர் குறுக்கே நின்றார். எடை தூக்குகிற பெண் ஒருத்தி அவரைத் தாண்டி என்னிடம், "இது எப்ப வந்த பாட்டு சார்?" என்றாள்.

"இருநூறு வருஷம் இருக்கும்மா."

"எங்க பாட்டெல்லாம் மூணு மாசம் தாங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லாரும் உட்கார்ந்தார்கள். கூடம் நிறைந்தது. மறைப்பானேன் மாப்பிள்ளை, எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் ரெக்கார்டுப் பேச்சையே விட்டுவிட்டார்.

ஆனால் என் மானம் போகிறதே. மைக் இன்னும் ஜிம்மையும் விடவில்லை, தினமும் நான் பல்லவியைத் திருப்பிப் பாடினால் சுவருக்கு அந்தப் பக்கம் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று சத்தம். தாளக்காரர் புஜம் வைத்திருக்கிறதா என்று ஜன்னல் கண்ணாடியில் பார்க்கிறார். பக்தி என்ன ஆவது? தயவுசெய்து உடனே வந்து மைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். தங்கைக்கு என் ஆசி, குழந்தைகளுக்கு முத்தம். நீங்கள் தீர்க்காயுசாக இருந்து இனி எனக்கு எதுவும் அனுப்பாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிய மச்சான்

பின்குறிப்பு: மைக்கை எடுக்க வர வேண்டாம். ஜிம் மாஸ்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார், நாளைக்கு அவர்களுக்குக் காலுக்கான பயிற்சியாம், முடிந்ததும் நேரே கூடத்துக்கு வருகிறார்களாம். நம் பெரிய பாட்டை எல்லாச் சரணத்தோடும் பாடப்போகிறேன். இதுவரை ஒருவரும் அதைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டதில்லை. நாளைக்குக் கேட்பார்கள். எழுந்து போக ஒருவருக்கும் கால் வராது.