ரெண்டு நிமிசம் அண்ணன்

எமனே பஸ் ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குள் வந்திருந்தாலும், நேரம் முடிந்ததும் விசில் ஊதி வெளியே அனுப்பியிருப்பார் எங்கள் டைம் கீப்பர்.

தனியார் பஸ்களை அந்தந்த நிமிடத்துக்குக் கிளப்பிவிடுவது அவர் வேலை. "அண்ணே, ரெண்டு நிமிசம்ணே" என்று கண்டக்டர்கள் கெஞ்சுவார்கள். கொடுக்கவே மாட்டார். கொடுக்காததையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அங்கே பத்திரிகைக் கடை வைத்திருந்த எனக்கும் அவர் ரெண்டு நிமிசம் அண்ணன்தான்.

ஒருநாள் வத்தலக்குண்டு வண்டிக்கு விசிலை வாயில் வைத்துவிட்டார். தூரத்தில் ஒரு பெண் பையோடு ஓடி வந்தார்.

"அண்ணே, வர்றது ஒங்க வீட்டம்மா" என்றார் கண்டக்டர்.

"அடுத்த வண்டி இருக்குன்னு அவளுக்குத் தெரியும்" என்று ஊதிவிட்டார். மூன்று நாள் அவருக்கு வீட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத சோறு.

அப்படிப்பட்டவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றவேண்டும் என்றதும் மறுத்துவிட்டார். "நல்லா இருக்குற செல்லையும் சேத்துக் கொல்லுமாம் அப்பு. நான் போகல."

அவர் மனைவி, எனக்கு மதினி, கடைக்கே வந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் இவரு ஊதுறாரு. இவருக்கு ஊத ஆளில்ல தம்பி. நீங்க கூட்டிட்டுப் போங்க."

போனோம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமைசாலி. "ஐயா, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எப்பச் சாகணும்னு ஒரு ஏற்பாடு இருக்கு. கெட்டுப்போனா உத்தரவு வரும், தானே அழிஞ்சு எடத்தக் காலி பண்ணிரும். புற்றுநோய் செல் அந்த உத்தரவக் கேக்காது. நின்னு பெருகும். அதக் கேக்க வைக்கத்தான் இந்த மருந்து. முழுசாக் கேக்குமான்னு போகப் போகத்தான் தெரியும்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டைம் முடிஞ்சும் ஸ்டாண்டுலயே நிக்குதுன்னு சொல்லுங்க."

"அதேதான்."

"பேரே செல்லு. செல்லுன்னா 'போ'ன்னுதானம்மா அர்த்தம்? இப்பிடிப் பேர வச்சுக்கிட்டுப் போக மாட்டேங்குதா?" சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஏத்துங்க மருந்த."

இரண்டாவது தடவை மருந்து ஏறியதும் தலைமுடி கொட்டியது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பாத்தியா அப்பு, பக்கத்து வண்டிக்கு ஊதுனா, டைம் ஆகாத இதுவும் கெளம்பிருச்சு."

நான்காவது தடவைக்குப் பிறகு டம்ளரைப் பிடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "ஊதுனது அந்தச் செல்லு காதுல விழுந்திருக்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

"விழுந்திருக்கும்ணே" என்றேன். எனக்கென்ன தெரியும்?

விழுந்திருந்தது. கடைசியாக எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா, "இப்போதைக்குக் கட்டி இல்லய்யா. மூணு மாசத்துக்கொரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். மதினி வாசல்வரை வந்துதான் அழுதார்.

இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வருவார். ஆறரை ஆனதும் எழுந்துவிடுவார். "செத்த நேரம் இருங்கண்ணே" என்றால் கேட்கிற ஆளா? போன மாதம் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளிவைத்தேன்.

வழக்கம்போல ஆறரைக்கு எழுந்தவர் சுவரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"சரி, ரெண்டு நிமிசம்" என்று உட்கார்ந்தார்.

அந்தக் கடிகாரத்தை நான் இன்னும் திருத்தவில்லை.