எரிமலையில் செருப்புக் காவல்

மனைவியின் படிப்பு, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுவதற்கு மட்டும்தான். இதை நான் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டேன். புரிந்த இடம் ஹவாய்.

நான் எம்.எஸ்சி. ஜியாலஜி. தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி அமெரிக்காவில் குபெர்டினோவுக்கு வந்தேன். கணவருக்கு வேலை விசா. எனக்கு அவரைச் சார்ந்த விசா, வேலைக்குப் போகக்கூடாது. (சாம்பார் வைக்கலாம். அதற்குத் தடை இல்லை.) காலேஜில் எரிமலையைக் கலர் பென்சிலால் வரைந்து வரைந்தே மார்க் வாங்கியவள், லாவா ஓடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன். நச்சரித்து நச்சரித்து, ஈரோட்டிலிருந்து மாமியார் வந்திருந்த சமயத்தில் ஹவாய்க்கு டிக்கெட் போட வைத்தேன்.

கணுக்கால் மூடும் ஷூ ஒன்று வாங்கி, அப்பார்ட்மென்ட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து பழக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் இருவருக்கும் பாடம் வேறு எடுத்தேன்.

“ஆறிப்போன லாவா கண்ணாடிச் சில்லு மாதிரி கிழிச்சுடும். செருப்போட போகவே கூடாது. கயிறு கட்டின இடத்தைத் தாண்டக் கூடாது. லாவா கடல்ல விழற எடத்துல வர்றது வெறும் ஆவி இல்ல, ஆசிட்.”

கணவர் தயிர்சாதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கவனமாகக் கேட்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை (பைத்தியக்காரி).

ஹவாய் எரிமலைப் பூங்காவில், பழைய லாவா தார்ச்சாலையின் மேல் ஏறி உறைந்து, ரோடு முடிந்துபோன இடத்தில் காரை நிறுத்தினோம். அதற்கு மேல் கறுப்புப் பாறையில் நடைதான். மாமியார் ரப்பர் செருப்போடு இறங்கினார்.

“அத்தை, உங்க ஷூ எங்கீங்க?”

“ரூம்லயே வெச்சுட்டேன் அம்மிணி. நெருப்புச் சாமியப் பாக்கப் போறோம், ஷூவ மாட்டிக்கிட்டா போவாங்க? கிட்டப் போனதும் இதையுங் கழட்டிருவேன்.”

வழியில் நின்ற பூங்காக் காவலர் அந்தச் செருப்புக் காலைப் பார்த்துவிட்டு, “நோ மேடம்” என்றார். கணவர் என் காலைப் பார்த்தார்.

“உனக்கும் அம்மாவுக்கும் ஒரே சைஸ்தானே?”

“அப்ப நான்?”

“நீதானே சொன்ன, செருப்போட போகவே கூடாதுன்னு? அம்மா இனி இவ்ளோ தூரம் வருவாங்களா? நாம அடுத்த வருஷம் தனியா ட்ரிப் பிளான் பண்ணலாம்.”

என் பாடத்தை அவர் ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார்! நானே குனிந்து லேஸை அவிழ்த்தேன். நல்ல மருமகள் என்று பெயர் வாங்கும் ஆசை அப்போது எனக்கு இருந்தது. மாமியார் ஷூவுக்குள் காலை விட்டார். சாமி குறுக்கே வரவில்லை.

“அளவெடுத்தாப்புல இருக்குது அம்மிணி. என்ர செருப்பப் பாத்துக்க. புதுசு.”

கோயில் வாசலில் உட்கார்வதுபோல், அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் ஆறிப்போன பாறைமேல் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்ததும் தூரத்துப் புகையின் அடியில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த எரிமலை. ஆத்திரமாக வந்தது. அழுதும் பார்த்தேன்.

திரும்பி வந்த மாமியாரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“என்னமோன்னு நெனச்சேன். ரோட்டுக்குத் தார் ஊத்தறாப்புல இருக்குது. இதுக்கா இத்தன தூரம்?”

அடுத்த வருஷம் குழந்தை. அப்புறம் வீட்டுக் கடன். இரண்டாயிரத்தொன்றில் அவருக்கு லே-ஆஃப். ‘அடுத்த வருஷம்’ வரவேயில்லை. கணவர் எடுத்த வீடியோ மட்டும் இருக்கிறது. அதில் ஆரஞ்சு நிறத்தில் லாவா ஊர்கிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம், சேலைக் கரைக்குக் கீழே, என் ஷூ நின்று பார்க்கிறது.

ஊரில் மாமியார் சொன்ன கதையே வேறு. “எம் மருமவ மலையப் பத்தியே படிச்சவதான். பாவம், நெருப்பக் கண்டு பயந்து கார்கிட்டயே நின்னுக்கிட்டா.” கணவர் அதை மறுத்ததில்லை. நல்ல ஜோக்காம்.

இன்றும் ஈரோட்டு வீட்டில் நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனால், “பாத்து அம்மிணி, நெருப்பு!” என்று யாராவது கத்துவார்கள். கூடமே சிரிக்கும். அமெரிக்காவில் பிறந்த என் மகளும் சிரிப்பாள். போன தடவை அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாகத் தோளில் கை போட்டுச் சொன்னாள்: “இட்ஸ் ஓகே, அம்மா. எல்லாருக்கும் ஏதாவது ஒரு பயம் இருக்கும்.”